ஓட்டத்தை விடாமல் தொடர பயிற்சியாளர் உதவுவாரா?

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஓட ஆரம்பிக்கிறேன், நிறுத்துகிறேன், மறுபடி ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கதை ஒன்றுதான். முதல் இரண்டு வாரம் ஆர்வக்கோளாறில் தினமும் ஓடுவேன். மூன்றாவது வாரம் கணுக்காலுக்கு மேலே எலும்பு ஓரமாக விண்விண்ணென்று வலிக்கும். அப்புறம் ஷூ வாசலில் தூசி படிந்து கிடக்கும்.

போன வாரம் ஓடிக்கொண்டே போனில் பேசிப் பார்த்தேன். நான்கு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் ஆரம்பத்தில் சரி என்பார்கள். அப்படியென்றால் இத்தனை நாளும் சக்திக்கு மீறித்தான் ஓடியிருக்கிறேன். இதைச் சொல்லக்கூட ஆள் இல்லையே என்றுதான் பயிற்சியாளர் யோசனை வந்தது.

வாரம் 3 நாள், 5 கிலோமீட்டர், வருடம் முழுக்க. அவ்வளவுதான் ஆசை. மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம் சாமி.

பயிற்சியாளரிடம் ஓடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: ஆன்லைனில் அட்டவணை அனுப்புகிறவர் போதுமா, நேரில் பார்க்கிறவர்தான் வேண்டுமா? ஒரு வாரம் தவறினால் அட்டவணையை மாற்றித் தருவார்களா, திட்டுவார்களா? (திட்டினால்தான் நான் திருந்துவேன் என்கிறார்கள் வீட்டில்.) சேரும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? வலி என்றதும் ‘ஓட ஓடச் சரியாகிடும்’ என்கிறவர் மட்டும் வேண்டாம்.