32 வார கர்ப்ப ஸ்கேன்ல குழந்தையோட வயித்து சுற்றளவு மட்டும் கம்மி, பயப்படணுமா?

நேத்து க்ரோத் ஸ்கேன் எடுத்தோம், தலை, தொடை எலும்பு ஓகே, வயித்து சுற்றளவு மட்டும் 2 வாரம் பின்னாடி காட்டுது, எடை 1.65 கிலோவாம். நைட் பூரா தூக்கமே இல்ல.

பதில் 1: அது தராசுல வெச்ச எடை இல்லைங்க, அளவுகளை ஃபார்முலால போட்டு வர்ற கணக்கு, 10-15 சதவீதம் முன்னபின்ன இருக்கும். பர்சன்டைல் (இதே வாரத்துல இருக்குற 100 குழந்தைகளை எடை வரிசைல வெச்சா உங்க குழந்தை எத்தனையாவதுன்னு) பாருங்க, 10க்கு கீழன்னா தான் சின்னதுன்னு சொல்வாங்க.

பதில் 2: ஆனா லேசா விட்றாதீங்க. குழந்தைக்கு சத்து பத்தலைன்னா ஈரல் சிறுத்துடும், அதான் வயித்துல முதல்ல தெரியும். தொப்புள்கொடில ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன் பாத்தாங்களா?

கேட்டவர்: டாப்ளர் நார்மல், 12 பர்சன்டைல். அடுத்த வாரமே திரும்ப எடுக்கவா?

பதில் 2: வேணாம்மா, 2 வாரமாவது கழியணும், இல்லன்னா வளர்ச்சியா அளந்த தப்பான்னே தெரியாது. அசைவு குறைஞ்சா மட்டும் அன்னிக்கே ஓடுங்க.