வீட்டுக்குள் சிக்னல் இல்லை: பூஸ்டர் வாங்குமுன் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்காங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித்தரும் புது பிடிஓ அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து எங்களுக்கு ஒரே தொல்லை. ஹால் ஜன்னல் பக்கம் நின்றால் நாலு கோடு காட்டுகிறது. சமையலறையில் ஒன்று. அம்மா படுக்கும் அறையில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு இதய நோய். பாலிகிளினிக்கிலிருந்து கூப்பிட்டால் அழைப்பு வருவதே இல்லை. நான் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டாலும் அதே கதைதான். போனை எடுக்காமல் இருக்கிறாரா, எடுக்க முடியாமல் கிடக்கிறாரா என்று தெரியாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பது வயதானவர்களை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் புரியும்.

இணையக் கடைகளில் சிக்னல் பூஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது. ஓர் ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே பொருத்தி, இன்னொன்றை அறைக்குள் வைத்தால் போதும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஆர்டர் போட்டுவிடலாம் என்கிறார். இதைப் பொருத்தியவர்கள், வேறு வழியில் சமாளித்தவர்கள், யாராக இருந்தாலும் நடந்ததை விவரமாக எழுதுங்கள்.

ஆண்டெனாக்காரன்:

அக்கா, தயவுசெஞ்சு ஆர்டர் போடாதீங்க. நான் கட்டடங்களுக்குள்ள மொபைல் ஆண்டெனா போடுற வேலை பார்க்கிறேன். பேரங்காடி, கார் பார்க் கூரையில எல்லாம் வெள்ளையா வட்டமா ஒன்னு ஒட்டியிருக்குமே, அதுதான் எங்க பொழப்பு. சிங்கப்பூர்ல இந்த பூஸ்டரை வீட்டுல நாமளா மாட்டக்கூடாது. லைசென்ஸ் வாங்கின தொலைபேசி நிறுவனங்கதான் அதைப் போடலாம். ஆன்லைன்ல விக்குதுங்கிறதால அனுமதி இருக்குன்னு அர்த்தமில்ல. தொலைத்தொடர்பைக் கவனிக்கிற அரசு அமைப்பான ஐஎம்டிஏகிட்ட புகார் போனா, பெட்டியை வச்சிருக்கிறவங்கதான் பதில் சொல்லணும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் நேர்ல பார்த்ததைச் சொல்றேன். கீழ கடைகள், மேல வீடுகள் இருக்கிற ஒரு பழைய பிளாக். அங்க சாயங்காலமானா மேல் வீட்டுக்காரங்க எல்லாருக்கும் கால் கட்டாகுதுன்னு புகார். டவரைச் சோதிச்சாங்க, அதுல ஒரு கோளாறும் இல்ல. கையில பிடிக்கிற அலைவரிசை மீட்டரையும் ஒரு திசை ஆண்டெனாவையும் தூக்கிக்கிட்டு நாங்க பிளாக்கைச் சுத்தி நடந்தோம். பின்பக்கச் சந்துல ஒரு இடத்துக்கு வந்ததும் மீட்டர் திரையில நாய்ஸ், அதாவது இரைச்சல் கோடு அப்படியே மேல ஏறி நின்னுச்சு. நிமிர்ந்து பார்த்தா, ஒரு மளிகைக்கடை எக்ஸாஸ்ட் குழாயோட கேபிள் டை போட்டுக் கட்டின ஆண்டெனா. வயர் உள்ள போய், அரிசி மூட்டைக்கும் ஃப்ரீசருக்கும் நடுவுல ஒரு சின்னப் பெட்டியில முடியுது. தொட்டா சுடுது. கடைக்காரர் பாவம், கெட்ட எண்ணமே கிடையாது. கார்டு மெஷினுக்கு உள்ள லைன் கிடைக்கலன்னு வெளிநாட்டுல இருந்து வரவழைச்சிருக்கார். பிளக்கைப் புடுங்கினதும் திரையில கோடு சட்டுனு கீழ இறங்குச்சு. மேல் வீடுகள்ல அன்னைக்கே சரியாயிடுச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பூஸ்டர் டவர்ல இருந்து வர்றதை மட்டும் பெருசாக்கிக் குடுக்கிறதில்ல. உங்க போன் டவருக்கு அனுப்புறதையும் பெருசாக்கும், கூடவே இரைச்சலையும் சேர்த்துப் பெருசாக்கி டவர் பக்கம் தள்ளும். டவரோட காதுல இரைச்சல் ஏறிட்டா, சுத்தியிருக்கிற மத்த போன்கள் அனுப்புறது அதுக்குக் கேக்காது. இன்னொன்னு, வெளி ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் கிட்டக் கிட்ட இருந்தா ஒன்னு விடுறதை இன்னொன்னு வாங்கி மறுபடி பெருசாக்கும். கோயில் திருவிழாவுல மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனா ‘கூ’ன்னு அலறுமே, அதேதான். நம்ம காதுக்குக் கேக்காது, ஆனா அந்த வட்டாரமே பாதிக்கப்படும். நம்ம வீட்டுல அந்த ரெண்டு ஆண்டெனாவுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் விட முடியும்? ஒரு ரூம் தூரம். அது பத்தாது. வெளிச்சுவர்ல ஆண்டெனா மாட்டவும் நம்ம இஷ்டத்துக்கு முடியாது, அனுமதி கேக்கணும். நிறுவனங்க போடுற ரிப்பீட்டர், அதாவது அவங்களோட பூஸ்டர், அவங்க அலைவரிசைக்கு மட்டும் வேலை செய்யும். எவ்வளவு பெருசாக்கணும்னு அளந்து வைப்போம், அவங்க கட்டுப்பாட்டு அறையில இருந்து கண்காணிப்பாங்க.

முதல்ல ஒரு வேலை செய்ங்க. கோட்டைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க. ஒரு போன்ல நாலு கோடு காட்டுற சிக்னலுக்கு இன்னொன்னு ரெண்டுதான் காட்டும். ஆண்ட்ராய்டுன்னா செட்டிங்ஸ், அபவுட் போன், அங்க சிம் நிலைன்னு வரும். ஐபோன்னா *3001#12345#* டயல் பண்ணுங்க. மைனஸ் போட்டு டிபிஎம்னு ஒரு எண் வரும், அதுதான் சிக்னலோட வலிமை. மைனஸுக்குப் பின்னால எண் பெருசாக ஆக சிக்னல் குறைவு. 4ஜியில -90 பக்கம் இருந்தா நல்லாயிருக்கு. -110 தாண்டினா சிரமம். -120 பக்கம் போனா கால் நிக்காது. ஒவ்வொரு ரூமா குறிச்சுட்டு வாங்க.

இரவுப்பணி:

நான் தாதி. பகலில்தான் தூங்குவேன், வார்டிலிருந்து அவசரமாக ஆள் தேவை என்றால் கூப்பிடுவார்கள். நாங்கள் இருப்பது கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி. வெயில் சூடு உள்ளே வராமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. ஏர்கான் பில்லுக்கு நல்லது, ஆனால் அந்தப் பூச்சு போன் அலையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. பால்கனிக் கதவைத் திறந்தால் பேசலாம், மூடினால் கட். காரணம் கதவுதான் என்று எனக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

எனக்குக் கைகொடுத்தது வைஃபை காலிங். பலர் இதை வாட்ஸ்அப் கால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. நம் சொந்த எண்ணுக்கே சாதாரண அழைப்பு வரும், கூப்பிடுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. டவருக்குப் பதில் நம் வீட்டு ஃபைபர் வழியாக அழைப்பு வருகிறது, அவ்வளவுதான். ஐபோனில் செல்லுலர் பகுதிக்குள் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கனெக்‌ஷன்ஸ் அல்லது நெட்வொர்க் பகுதிக்குள் தேடுங்கள். போன் அதை ஏற்க வேண்டும், நம் திட்டத்திலும் இருக்க வேண்டும். விலை குறைந்த சில சிம்-மட்டும் திட்டங்களில் இந்த வசதி இல்லை. என் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. செட்டிங்கில் பட்டனே வரவில்லை, போன் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். திட்டத்தை மாற்றியதும் வந்தது. சேரும்முன் கேட்டுவிடுங்கள்.

வங்கி ஓடிபி குறுஞ்செய்தியும் எனக்கு வைஃபை வழியாகவே வருகிறது. முன்பெல்லாம் அதற்காகப் பால்கனியில் போனை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். மின்சாரம் போனால் ரூட்டரும் போய்விடும். அப்போது ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிட வேண்டிவந்தால் ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிடச் சொல்லி வையுங்கள். நம் நெட்வொர்க் கிடைக்காவிட்டால், அவசர அழைப்புக்குப் போன் அங்கே கிடைக்கிற வேறு நெட்வொர்க்கைத் தேடிப் பிடிக்கும். அம்மாவுக்கும், பணிப்பெண் இருந்தால் அவருக்கும் அந்த ஜன்னல் எது என்று நேரில் காட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸை எதிர்பார்த்து நிமிடங்களை எண்ணியவர்களை வார்டில் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செங்காங்வாசி:

இருவருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் காட்டினேன், ஆர்டர் யோசனையை விட்டுவிட்டோம். எண்களைக் குறித்தேன். ஹால் ஜன்னல் -88. சமையலறை -106. அம்மா அறையில் கட்டில் தலைமாட்டில் -118. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் போனால் ‘சேவை இல்லை’ என்றே வந்துவிட்டது. அம்மாவின் கட்டில் தலைமாடு ஷெல்ட்டர் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

ஆண்டெனாக்காரன்:

பார்த்தீங்களா, காரணம் அங்கதான் இருக்கு. பத்து டெசிபல் குறைஞ்சா சிக்னல் பத்துல ஒரு பங்கு. ஹாலுக்கும் அம்மா கட்டிலுக்கும் முப்பது வித்தியாசம், அதாவது ஆயிரத்துல ஒரு பங்குதான் அங்க வந்து சேருது. 1990களோட கடைசியில இருந்து கட்டின வீவக வீடுகள்ல இந்த ஷெல்ட்டர் இருக்கு. தடிச்ச கான்கிரீட், உள்ள நெருக்கமா இரும்புக் கம்பி, இரும்புக் கதவு. குண்டுக்கே கட்டினது, அலையை விடுமா? அந்தச் சுவரை உடைக்கவும் கூடாது. டவர் எந்தப் பக்கம் இருக்கோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஷெல்ட்டரோட நிழல் விழும். கட்டிலை எதிர்ச்சுவர் பக்கம் திருப்ப முடியுமான்னு பாருங்க. ரூட்டர் எங்க இருக்கு?

செங்காங்வாசி:

ரூட்டர் ஷெல்ட்டருக்குள் அலமாரியில் இருக்கிறது. வயர் வெளியே தெரியக்கூடாது என்று ரெனோவேஷன் செய்தவர்கள் அங்கே வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆண்டெனாக்காரன்:

அதை வெளிய கொண்டுவாங்க அக்கா, இன்னைக்கே. வைஃபையும் ரேடியோ அலைதான். கதவைச் சாத்தினா அதுவும் உள்ளேயே முடங்கிடும். ஹால்ல டிவி பக்கம் வையுங்க. அம்மா ரூமுக்கு எட்டலன்னா வைஃபையை வாங்கி மேல அனுப்புற ஒரு மெஷ் பெட்டி போதும். அந்த மெஷ்ஷை அம்மா ரூம் மூலையில வைக்காதீங்க, ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல, சிக்னல் இன்னும் நல்லா இருக்கிற இடத்துல வையுங்க. அங்க நல்லா வாங்கினாத்தான் அதால நல்லா குடுக்க முடியும்.

அம்மா போனுல வோல்ட்டி (4ஜி வழியா குரல் அழைப்பு), வைஃபை காலிங் ரெண்டும் ஆன்ல இருக்கணும். 5ஜி போனா இருந்தா கொஞ்ச நாள் 4ஜியில மட்டும் வச்சுப் பாருங்க. இங்க 5ஜிக்கு அதிகமா பயன்படுற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டி வர ரொம்பத் திணறும். 5ஜி சிக்னல் எட்டுற எல்லையோரத்துல இருக்கிற வீட்டுல போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவி பேட்டரியைத் தின்னுடும். 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைதான் சுவருக்குள்ள நல்லா நுழையும்.

ஈசூன் தாத்தா:

வணக்கம். நான் ஓய்வுபெற்றவன், 2ஜி காலத்திலிருந்து இதையெல்லாம் பார்த்து வருகிறேன். 2008-ல் ஸ்டார்ஹப் ‘ஹோம் ஸோன்’ என்று வீட்டுக்குள் வைக்கும் ஒரு குட்டி டவரையே கொடுத்தது. ஃபெம்டோசெல் என்பார்கள். வீட்டு இணையத்தில் மாட்டினால் வீட்டுக்குள்ளேயே 3ஜி கிடைக்கும். நிறுவனமே கொடுத்ததால் சட்டச் சிக்கலும் இல்லை. வைஃபை காலிங் இன்று செய்யும் வேலையை அன்று அது செய்தது.

நான் சொல்ல வந்தது போனைப் பற்றி. 2ஜி 2017 ஏப்ரல் 1-ல் நின்றது. 3ஜி 2024-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு குரல் அழைப்பும் 4ஜி வழியாக, அதாவது வோல்ட்டி வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் பிளாக் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் நண்பர் ஒருவருக்கு மகன் ஊரிலிருந்து நல்ல போன் வாங்கி வந்து கொடுத்தார். இணையம் பறக்கும், யூடியூப் ஓடும். அழைப்பு மட்டும் வராது, போகாது. வீட்டில் சிக்னல் இல்லை என்று எல்லோரும் அவர் வீட்டையே குறை சொன்னார்கள். கீழ்த்தளத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நிலைதான். அந்தப் போனில் 4ஜி இருந்தது, இங்குள்ள நெட்வொர்க்கில் வோல்ட்டி வேலை செய்யவில்லை. இங்கே விற்கும் போன் ஒன்றை வாங்கியதும் தீர்ந்தது. ஆகவே, இணையம் வருகிறது, அழைப்பு வரவில்லை என்றால் சுவரைச் சந்தேகிக்கும்முன் போனைச் சந்தேகியுங்கள்.

உயர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. மேலே போகப் போக சிக்னல் நன்றாக இருக்கும் என்று நினைப்போம். டவர் ஆண்டெனாக்களைத் தெருவை நோக்கிச் சற்றுச் சாய்த்தே வைக்கிறார்கள். முப்பதாம் மாடிக்குமேல் தூரத்து டவர்கள் பலவும் ஒரே நேரத்தில் தெரியும், எதுவும் வலுவாகக் கிடைக்காது. கோடு நிறைய இருக்கும், பேச்சு உடையும்.

ஆண்டெனாக்காரன்:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. புகார் குடுக்கிறவங்க ‘வீட்டுல லைன் இல்ல’ன்னு மட்டும் சொன்னா கஸ்டமர் சர்வீஸ் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லும், அதோட முடிஞ்சுடும். அஞ்சல் குறியீடு, பிளாக், மாடி, எந்த ரூம், அங்க டிபிஎம் எவ்வளவு, எந்த நேரத்துல மோசம், இதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோட எழுதிக் குடுங்க. அதே நிறுவனத்துல இருக்கிற பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேர்த்துக் குடுக்கச் சொல்லுங்க. ஒரே பிளாக்ல இருந்து நாலு புகார் வந்தா ஆள் அனுப்பி அளந்து பார்ப்பாங்க. டவர் சாய்வை மாத்துறதோ, கூரையில புதுசா ஒன்னு போடுறதோ அவங்க கையில இருக்கு. புது வட்டாரத்துல பக்கத்து பிளாக்குகள் எழும்ப எழும்ப சிக்னல் மறையறதும் உண்டு. அது நாம சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரியும். சரியான பதில் வரலன்னா ஐஎம்டிஏக்கு எழுதலாம்.

நிறுவனம் மாறுறதா இருந்தா, முதல்ல அந்த நெட்வொர்க்கோட ப்ரீபெய்ட் சிம் ஒன்னு வாங்கி அம்மா கட்டில் பக்கத்துல வச்சு அளங்க. சொந்த டவர் வச்சிருக்கிறது சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மத்த பேரெல்லாம் இவங்கள்ல ஒருத்தரோட டவர்லதான் ஓடுது. ஒரே டவருக்குள்ள பேரை மாத்தினா அந்த ரூம்ல சிக்னல் மாறாது. எண்ணை மாத்தாம நிறுவனத்தை மாத்துற வசதி இருக்கு, அதனால அந்தக் கவலை வேண்டாம்.

உட்லண்ட்ஸ் கரையோரம்:

எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலிலிருந்து அக்கரையில் மலேசியாவின் ஜொகூர் கட்டடங்கள் தெரியும். அந்த அறையில் கோடு முழுசாக இருக்கும், ஆனால் மேலே வருவது மலேசிய நிறுவனத்தின் பெயர். இங்குள்ள சிக்னல் உள்ளே தளர்ந்ததும் போன் தானாக அக்கரைக்குத் தாவிவிடுகிறது. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு மகன் வீடியோ பார்த்ததற்கு ரோமிங் கட்டணம் வந்தது. நிறுவனத்திடம் முகவரியைச் சொல்லி விளக்கியதும் கழித்துக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு வீட்டில் எல்லார் போனிலும் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை அணைத்து, எங்கள் நிறுவனத்தின் பெயரை நாங்களே தேர்ந்தெடுத்து வைத்தோம். டேட்டா ரோமிங்கையும் அணைத்தோம். வைஃபை காலிங் செட்டிங்கில் சில போன்களில் ‘வைஃபைக்கு முன்னுரிமை’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் வடக்கு அறையிலும் அழைப்பு ஒழுங்காக வருகிறது. மார்சிலிங், செம்பவாங் கரைப்பக்கம் இருப்பவர்கள் இதைப் பாருங்கள். ஜொகூருக்குப் போகும்போது மட்டும் தானியங்கித் தேர்வை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாலம் தாண்டியதும் போனில் ஒன்றுமே வராது.