பாம்பு இரண்டாம்நிலையா, மூன்றாம்நிலையா? மகளின் படத்தில் இடிக்கிறது

கயலின் அம்மா:
மகள் ஏழாம் வகுப்பு. உணவு வலை ஒன்று வரைந்து, விலங்குகளுக்கு நிலைவாரியாக நிறம் கொடுக்க வேண்டும். தாவரத்தைத் தின்னும் முதல்நிலை நுகர்வோருக்குப் பச்சை, அவற்றைத் தின்னும் இரண்டாம்நிலைக்கு மஞ்சள், அதற்கும் மேலான மூன்றாம்நிலைக்குச் சிவப்பு. வெட்டுக்கிளி, எலி, தவளை வரைக்கும் தடங்கல் இல்லை. பாம்பில் வந்து நிற்கிறோம்.

புல் → வெட்டுக்கிளி → தவளை → பாம்பு என்று போனால் சிவப்பு. தானியம் → எலி → பாம்பு என்று போனால் மஞ்சள். மாற்றி மாற்றி அழித்ததில் அந்த இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. எது சரி? காகத்துக்கு என்ன நிறம் என்பதும் புரியவில்லை, அதுதான் எல்லாவற்றையும் தின்கிறதே.

மழைத்துளி:
உருவத்தை வைத்துப் பாருங்கள். பெரிய விலங்கு மேல்நிலை. பாம்பு தவளையைவிடப் பெரியது, சிவப்பு கொடுங்கள்.

உயிரியல் வாத்தியார்:
உருவத்தை நம்ப வேண்டாம். 30 மீட்டர் வரை வளரும் நீலத்திமிங்கிலம் இறால் போன்ற, சுண்டுவிரல் நீளமே உள்ள கிரில்லைத் தின்கிறது. கிரில்லோ முக்கியமாகக் கடலில் மிதக்கும் நுண்பாசிகளைத் தின்கிறது. ஆக, உலகின் மிகப் பெரிய விலங்கு அந்தச் சங்கிலியில் இரண்டாம்நிலைதான். யானை முதல்நிலை.

அம்மா, நீங்கள் எழுதிய இரண்டுமே சரி. ஒரே பெண் தம்பிக்கு அக்கா, அண்ணனுக்குத் தங்கை. பாம்பும் அப்படித்தான், எந்தச் சங்கிலியில் நிற்கிறது என்று பார்த்துத்தான் நிலையைச் சொல்ல முடியும். தாவரத்திலிருந்து அந்த விலங்கு வரை எத்தனை அம்பு என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு அம்பு என்றால் முதல்நிலை, இரண்டு என்றால் இரண்டாம்நிலை. அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் ஆற்றல் போகும் வழி அது. நிறைய பிள்ளைகள் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

பாம்பின் வட்டத்தைப் பாதி மஞ்சள், பாதி சிவப்பாக்குங்கள். காகம் அனைத்துண்ணி, அதற்கும் அதே வழி.

கயலின் அம்மா:
எண்ணிப் பார்த்தோம் சார், சரியாக வருகிறது. இப்போது மகள், "அப்போ தலைப்பிரட்டை?" என்கிறாள்.

உயிரியல் வாத்தியார்:
அருமையான கேள்வி! பெரும்பாலான இனங்களில் தலைப்பிரட்டை கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். அதன் வயிற்றை அடிப்பக்கமாகப் பார்த்தால் மெல்லிய தோலுக்குள் குடல் சுருள் சுருளாகத் தெரியும். இலைதழையைச் செரிக்க அவ்வளவு நீளம் வேண்டும். தவளையாகும்போது அந்தக் குடல் வெகுவாகக் குறுகிவிடும், பூச்சி பிடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆகவே குட்டி பச்சை, தவளை மஞ்சள். ஒரே உயிர்!

நுண்ணோக்கி:
ஒரு எச்சரிக்கை. "ஊட்ட நிலை" என்று கேட்டால் எண் ஒன்று கூடும். அங்கே தாவரம்தான் 1, அதனால் முதல்நிலை நுகர்வோர் 2. தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான்.

ஆய்வாளர்கள் அனைத்துண்ணிக்குப் பின்னத்திலும் எண் கொடுப்பார்கள். காகத்தின் உணவில் பாதி தானியம் (1), பாதி வெட்டுக்கிளி (2) என்று வைத்துக்கொண்டால் சராசரி 1.5. அதோடு 1 கூட்டினால் காகத்தின் ஊட்ட நிலை 2.5.

கயலின் அம்மா:
புதுத் தாளில் வரைந்தாயிற்று. பாம்புக்கு இரண்டு நிறம், காகத்துக்கும். தலைப்பிரட்டைக்குத் தனி வட்டம் போட்டு, பக்கத்தில் சுருள் குடலையும் வரைந்திருக்கிறாள். அனைவருக்கும் நன்றி.