'எட்டப்பன்' என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கரிசல்மண்: மேலாளரிடம் போட்டுக் கொடுப்பவனுக்கு 'எட்டப்பன்' என்ற பெயரே பொருத்தம், கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தானே என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். 1799இல் கோட்டையை இழந்து வெளியேறிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். பிடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தவர்கள் அந்தச் சீமையின் அரசர் தொண்டைமானின் ஆட்கள். எட்டப்பன் ஆண்ட எட்டயபுரம் எங்கே இருக்கிறது, புதுக்கோட்டை எங்கே இருக்கிறது?

உறையூரான்: எழுதியவன் நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. கம்பெனித் தளபதி பானர்மேன் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரத்தார் யார் பக்கம் நின்றார்கள் என்பதையும் ஐயா சொல்லிவிடலாமே.

கரிசல்மண்: கம்பெனியின் பக்கம்தான், யார் மறுத்தது? இரு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு இருந்தது ஊரறிந்த செய்தி. பகிரங்கமாகப் பகைத்து நின்றவன் எதிரி. போட்டுக் கொடுப்பவனோ நம்மோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அந்தக் கிளாஸ் ஆறுவதற்குள் மேலாளர் அறையில் நிற்பவன். மீண்டும் கேட்கிறேன், பிடிபட்ட இடம் எது?

புதுகையான்: உங்கள் ஊர்க் கறையைக் கழுவ எங்கள் ஊர்க் குளம்தான் கிடைத்ததா? தொண்டைமான் கம்பெனியின் நேச அரசர். கேட்டார்கள், பிடித்துக் கொடுத்தார். அதில் ஒளிவுமறைவு ஏது?

கரிசல்மண்: ஆக, பிடித்தது புதுக்கோட்டை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மிக்க நன்றி.

சொல்தேடி: கோள் சொல்லுதல், காட்டிக் கொடுத்தல், போட்டுக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. வள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பொருளைப் பற்றி யாரேனும் பேசினால் நன்றாக இருக்கும்.

உறையூரான்: பொருள் எல்லோருக்கும் தெரியும். 'எட்டப்பன் வேலை' என்றால் டீக்கடையில் விளக்கம் கேட்பார் இல்லை. மக்கள் வழக்குக்கு ஆவணம் தேவையில்லை.

கரிசல்மண்: அந்த மக்கள் வழக்கை நான் ஐந்து ஆண்டுகள் விடுதியில் அனுபவித்தவன். சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள் வார்டனிடம் சிக்கும்போதெல்லாம், எட்டயபுரத்துக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக என் தலையணையில் தண்ணீர் ஊற்றப்படும். போட்டுக் கொடுத்தவன் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். அவன் எந்த ஊர் என்று சொன்னால் இங்கே ஒருவருக்குக் கோபம் வரும். எட்டப்பன் என்பது தனி ஒருவரின் பெயர்கூட அன்று, அந்தப் பரம்பரைக்கே உரிய பட்டம். 1882இல் பாரதி பிறந்ததும் அதே ஊர்தான்.

புதுகையான்: பாரதியைத் துணைக்கு அழைத்துவிட்டால் வாதத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். குறட்டையைப் பற்றிய சாடையும் புரிகிறது. உங்கள் விடுதிப் பகைக்கு எங்கள் ஊர் பொறுப்பாகாது.

உறையூரான்: தலையணைக்காக வருந்துகிறேன். ஆனாலும் எங்கள் அலுவலகத்து எட்டப்பனை எட்டப்பன் என்றுதான் அழைப்பேன்.

கரிசல்மண்: தொண்டைமான் என்று அழைக்க எது தடுக்கிறது? பிடிபட்ட இடம் எது என்ற கேள்விக்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.