தங்க நிற அனார்கலியை வேலைக்குப் போடலாமா?

கேள்வி (தருமபுரி): அக்கா, தம்பி நிச்சயத்துக்கு எடுத்த தங்க நிற டிஷ்யூ (ஜரிகை இழை கலந்த மினுக்குத் துணி) அனார்கலி பீரோவிலேயே கிடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த உடை. பாலக்கோட்டில் என் ஆபீசுக்கும் போட்டுப் போக ஆசை. எப்படிப் போடலாம்?

பதில் (கிருஷ்ணகிரி): ஆபீசுக்கு வேண்டாம்மா. நம்ம ஊர் சித்திரை வெயிலில் டிஷ்யூ கண்ணைக் கூசும், பஸ் நெரிசலில் நூல் பிரியும், அக்குளில் உறுத்தும். தினமும் போடத் தங்க நிறம்தான் வேண்டுமென்றால் மினுக்கமில்லாத பருத்தி குர்தி எடு. கருநீலப் பேன்ட், சின்னத் தோடு, போதும். அனார்கலியைக் கல்யாண வரவேற்புக்கு வைத்துக்கொள். அரக்கு அல்லது மயில் பச்சை துப்பட்டா போட்டால் அதே உடை புதுசாகத் தெரியும். கழுத்தில் ஜரிகை இருந்தால் ஆரம் போடாதே, ஜிமிக்கி மட்டும் போடு. இதை நான் அடித்துச் சொல்வேன்.

பதில் (ஓசூர்): சென்ட்டை ஜரிகை மேல் அடிக்காதீர்கள். செம்பு ஜரிகை கறுத்துவிடும். வேர்வை காய்ந்த பிறகு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: சரி அக்கா, அரக்கு துப்பட்டா என்னிடமே இருக்கிறது. கருநீலப் பேன்ட்டுக்குக் குர்தி முழங்காலுக்குக் கீழே வர வேண்டுமா?

பதில் (கிருஷ்ணகிரி): ஆமாம், நேர் வெட்டாக எடு.