கையெழுத்திட்ட தலைவர் மாறிவிட்டால் கூட்டணி ஒப்பந்தம் என்னவாகும்?

கேள்வி

விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தில் ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது. ஆகவே தேர்தல் முடிந்த பின்னர் கட்சித் தலைவர்கள் கூடிப் பேசி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, அமைச்சுப் பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதுவரை எனக்குக் குழப்பமில்லை. என் ஐயம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவரை அவருடைய கட்சியே ஆட்சிக்காலத்தின் நடுவில் இறக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தினால், அந்த ஒப்பந்தம் புதியவரைக் கட்டுப்படுத்துமா? தோழமைக் கட்சி அதையே சாக்காக வைத்து மறுபடியும் பேரத்தைத் தொடங்க முடியுமா?

இதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. மூடிய பட்டியல் முறையில் வேட்பாளர் வரிசையைக் கட்சியே தீர்மானிப்பதால், தலைமையின் பிடி இறுக்கமாக இருக்கும் என்றுதான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அப்படியிருந்தும் கூட்டணி அரசுகள் ஆட்டம் காணும்போது, ஏதோ ஒரு கட்சியின் உட்பூசல் அதற்குப் பின்னால் இருப்பதையே அடிக்கடி காண்கிறோம். இது ஏன்?

மறுமொழி 1

பெரும்பாலான நாடுகளில் கூட்டணி ஒப்பந்தம் நீதிமன்றத்தில் காட்டி நிறைவேற்றக் கோரக்கூடிய ஆவணம் அன்று. அரசியல் வாக்குறுதி மட்டுமே. ஆகவே புதிய தலைவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை தேடிப் பயனில்லை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை தரும் நிகழ்வு நியூசிலாந்தில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சில உறுப்பினர்களைத் தொகுதிகளிலிருந்தும் மற்றவர்களைக் கட்சிப் பட்டியலிலிருந்தும் தேர்ந்தெடுக்கும் கலப்பு உறுப்பினர் விகிதாசார முறையின்கீழ் அங்கு முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. 120 இடங்களில் நேஷனல் கட்சி 44, தொழிற்கட்சி 37, வின்ஸ்டன் பீட்டர்ஸின் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 17 இடங்களைப் பெற்றன. பீட்டர்ஸ் இரு தரப்போடும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பேசிவிட்டு, டிசம்பரில் நேஷனல் கட்சியோடு சேர்ந்தார். 44உம் 17உம் சேர்ந்து 61. பெரும்பான்மைக்குத் தேவையான அளவு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. நேஷனல் கட்சித் தலைவரும் பிரதமருமான ஜிம் போல்ஜர் பீட்டர்ஸுக்குத் துணைப் பிரதமர் பதவியோடு, கருவூலத்துக்கென்றே புதிதாக உருவாக்கிய பொறுப்பையும் கொடுத்தார். இவ்வளவு விட்டுக்கொடுத்தது நேஷனல் கட்சிக்குள் பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த மனக்குறையும் சேர்ந்துதான் ஓராண்டுக்குள் ஜெனி ஷிப்லியைத் தலைவராக்கியது. 1997 டிசம்பரில் அவர் பிரதமரானார்.

ஒப்பந்தம் அப்போதும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதைத் தம் கட்சிக்குள் காத்துநின்ற மனிதர் போய்விட்டார். 1998 ஆகஸ்டில் வெலிங்டன் விமான நிலையத்தில் அரசுக்கு இருந்த பங்குகளை விற்பது குறித்து மோதல் எழுந்தபோது, ஷிப்லி பீட்டர்ஸைப் பதவி நீக்கம் செய்தார். கூட்டணி முடிந்தது, அரசோ கவிழவில்லை. பீட்டர்ஸின் 17 உறுப்பினர்களில் எட்டுப் பேர் அவரோடு எதிரணிக்குச் செல்ல மறுத்து, முதலில் அவரையே தலைமையிலிருந்து அகற்றப் பார்த்து, அது கைகூடாமற்போகவே கட்சியைவிட்டு விலகினார்கள். அவர்களில் சிலருடைய ஆதரவோடு ஷிப்லி 1999 இறுதிவரை ஆட்சி நடத்தினார். அங்கே ஒரு கட்சி பட்டியல் இடங்களைப் பெற 5 விழுக்காடு வாக்கையோ ஒரு தொகுதியையோ வெல்ல வேண்டும். அந்த ஆண்டுத் தேர்தலில் பீட்டர்ஸின் கட்சி 5 விழுக்காட்டு வரம்பைத் தாண்டவில்லை. தௌரங்கா தொகுதியை அவர் 63 வாக்கு வித்தியாசத்தில் தக்கவைத்ததால்தான் கட்சி நாடாளுமன்றத்தில் மிஞ்சியது.

பட்டியலைத் தலைமை கையில் வைத்திருப்பது தேர்தலுக்கு முதல்நாள் வரை பெரிய பலம்தான். வென்றவர் உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்த பட்டியல் தயாராகும்வரை அந்தப் பிடி தளர்ந்தே இருக்கும். அதற்குள் ஓர் அமைச்சர் பதவி கையில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மறுமொழி 2

முன்னவர் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதிலிருந்து தலைவர் போனால் ஒப்பந்தமும் போய்விடும் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் நேர்மாறாக நடந்தது.

2017 தேர்தலில் 20.5 விழுக்காடு மட்டுமே பெற்றுச் சரிந்த சமூக ஜனநாயகக் கட்சி, அங்கேலா மெர்க்கலின் அணியோடு மீண்டும் சேர்வதற்கு 2018 பிப்ரவரி 7 அன்று உடன்பட்டது. பேச்சுவார்த்தையை நடத்திய தலைவர் மார்ட்டின் ஷுல்ஸ் ஒரு வாரத்துக்குள் தலைமைப் பதவியைவிட்டு விலகினார். ஒப்பந்தம் அதோடு செத்துவிடவில்லை. கட்சி உறுப்பினர்கள் அனைவரிடமும் வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, மார்ச் 4 அன்று ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆந்த்ரியா நாலெஸ் 2019இல் விலகினார். அந்த ஆண்டு டிசம்பரில் அக்கூட்டணியைக் கடுமையாகக் குறைகூறி வந்த இருவர் இணைத் தலைவர்களானார்கள். இதற்கிடையே மெர்க்கலும் தம் கட்சித் தலைமையை விட்டுக்கொடுத்துப் பிரதமர் பதவியில் மட்டும் நீடித்தார். இத்தனை மாற்றங்களையும் தாண்டி அந்த அரசு 2021 தேர்தல்வரை ஓடியது.

என் பார்வையில் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: ஒப்பந்தத்துக்கு உள்ளே எத்தனை பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்? போல்ஜர் செய்தது பெரும்பாலும் தலைவர்கள் அளவிலான உடன்பாடு. ஜெர்மானியர்கள் செய்ததைக் கட்சி முழுவதும் ஏற்றிருந்தது. அதை உடைக்க வந்த புதிய தலைமை தன் உறுப்பினர்களின் வாக்குக்கே எதிராக நிற்க வேண்டியிருந்தது. அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இருப்பவரை வீழ்த்தலாம் என்ற அவர்களுடைய அரசமைப்பின் 67ஆம் பிரிவும் துணை நின்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்சி தானாகக் கூட்டணியைவிட்டு வெளியேறுவதை அந்தப் பிரிவு தடுக்காது.

மறு எல்லையில் இருப்பது நெதர்லாந்தின் சுதந்திரக் கட்சி. கெர்ட் வில்டர்ஸ் ஒருவர் மட்டுமே அதன் முறையான உறுப்பினர். 2023இல் 150 இடங்களில் 37ஐ வென்று முதலிடம் பெற்றும், தோழமைக் கட்சிகள் ஏற்காததால் அவர் பிரதமராகவில்லை. கட்சி சாராத டிக் ஸ்கூஃப் 2024 ஜூலையில் பிரதமரானார், கட்சித் தலைவர்கள் அவையிலேயே இருந்துகொண்டார்கள். 2025 ஜூன் 3 அன்று வில்டர்ஸ் தம் கட்சியை விலக்கிக்கொண்டதும் அரசு முடிந்துபோனது. அங்கே தடுத்துநிறுத்தக் கட்சிக்குள் வேறு எவருக்கும் வாக்கில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. உறுப்பினர்களிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சொல்லும் தலைவர், பேச்சுவார்த்தை மேசையில் வலுவிழந்துவிட மாட்டாரா? அதோடு, கட்சியைவிட்டு விலகும் உறுப்பினரின் இடத்தைச் சட்டத்தாலேயே பறித்துவிட்டால் 1998இல் நடந்தது போன்றவற்றைத் தவிர்த்திருக்கலாமே?

மறுமொழி 3

முதலாவதற்கு விடை, வலுக்கூடும் என்பதே. என் ஆட்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று ஒரு தலைவர் சொல்லும்போது, அது வெறும் மிரட்டலன்று என்று எதிரே இருப்பவர் நம்பினால் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன ஜெர்மானியக் கட்சி, தேய்ந்துபோன வாக்குப் பங்கை வைத்துக்கொண்டு நிதி, வெளியுறவு, தொழிலாளர் நலம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் பெற்றதற்கு வரவிருந்த வாக்கெடுப்பும் ஒரு காரணம்.

இரண்டாவதை நியூசிலாந்தே செய்துபார்த்தது. 2001இல் இயற்றி 2005 தேர்தலோடு காலாவதியான சட்டத்தை 2018இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். கட்சித் தலைவர், தம் நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலோடு அவைத்தலைவருக்கு எழுதினால், குறிப்பிட்ட உறுப்பினரின் இடம் காலியாகும். அந்த மூன்றில் இரண்டு என்ற நிபந்தனைதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. 1998இல் 17 பேரில் 9 பேரை மட்டும் வைத்திருந்த பீட்டர்ஸால் அதை ஏவியிருக்கவே முடியாது. இலங்கை அரசமைப்பின் 99(13)ஆம் உறுப்புரையின்படியும் கட்சி உறுப்புரிமை போனால் பதவி போகும். ஆயினும் வெளியேற்றப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நெதர்லாந்திலோ இடம் உறுப்பினருக்கே சொந்தம். 2004இல் வேறொரு கட்சியைவிட்டு விலகிய வில்டர்ஸ் தம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டுதான் அரசியலைத் தொடர்ந்தார் என்பது வேடிக்கை.

தோழமைக் கட்சி மறுபடியும் பேரம் பேச முடியுமா என்ற உங்கள் முதல் கேள்வியை இருவருமே நேரடியாகத் தொடவில்லை. புதிய தலைவர் பிரதமராவதற்கு நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவை என்றால் தாராளமாக முடியும். ஸ்வீடனில் 2021 நவம்பரில் பிரதமர் ஸ்டெஃபான் லோஃப்வென் விலகி, மக்டலெனா ஆண்டர்சன் கட்சித் தலைவரானார். அங்கே 349 உறுப்பினர்களில் 175 பேர் எதிர்த்தால் மட்டுமே ஒருவர் பிரதமராக முடியாமற்போகும். இடதுசாரிக் கட்சி ஓய்வூதிய உயர்வு கேட்டு முதல்நாள் இரவுவரை இழுத்துப்பிடித்து, அதைப் பெற்றுக்கொண்டே வழிவிட்டது. 174 பேர் எதிர்த்தார்கள். ஒரு வாக்கில் தப்பினார். அன்றே எதிரணியின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறியதால் பசுமைக் கட்சி அரசைவிட்டு விலகியது. சில மணி நேரத்துக்குள் அவரும் பதவி விலகினார். நவம்பர் 29 அன்று மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டு, தனிக்கட்சிச் சிறுபான்மை அரசை அமைத்தார். ஷிப்லிக்கு இப்படியொரு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் பீட்டர்ஸ் 1997 டிசம்பரிலேயே தம் விலையைச் சொல்லியிருப்பார்.

மறுமொழி 1

அந்தக் கடைசிக் கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இப்போதெல்லாம் யார் எந்தப் பதவியில் எதுவரை இருப்பார் என்பதையே ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறார்கள். 2023 தேர்தலுக்குப் பின் நியூசிலாந்தில் துணைப் பிரதமர் பதவி ஆட்சிக்காலத்தின் முதற்பாதிக்குப் பீட்டர்ஸுக்கும், மறுபாதிக்கு ஏசிடி கட்சியின் டேவிட் சீமோருக்கும் என்று பிரிக்கப்பட்டது. 2025 மே 31 அன்று சீமோர் பொறுப்பேற்றார். இஸ்ரேலில் 2021இல் நஃப்தாலி பென்னெட்டும் யாயிர் லபீடும் பிரதமர் பதவியையே இவ்வாறு பங்கிட்டார்கள். பென்னெட்டின் கட்சிக்கு 120இல் 7 இடங்கள்தான். அரசுக்குப் பெரும்பான்மை போனது 2022 ஏப்ரலில் அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர் ஒருவர் விலகியதால். அவை கலைக்கப்பட்டு ஜூலை 1 அன்று லபீட் பிரதமரானபோது, அவருக்குக் கிடைத்தது அடுத்த தேர்தல்வரையான இடைக்கால அரசே.