புதிய மீனை டாம்செல் மீன் விரட்டுகிறது, உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் வந்துவிட்டன: வழி சொல்லுங்கள்

வணக்கம். குன்னூரில் வீட்டில் 400 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மூன்று பட்டை டாம்செல், ஓர் இறால்.

ஆறு நாட்களுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு பவுடர் புளூ டாங் மீன் வாங்கி வந்தேன். மேட்டுப்பாளையம் வரை ரயில், பிறகு பஸ். மலை ஏறுவதற்குள் பையிலிருந்த நீர் சில்லிட்டுவிட்டது. பாவம், அலைந்து வந்த மீன் என்று நேரே தொட்டியில் விட்டேன். முதலில் தனியே நான்கு வாரம் வைத்திருந்திருக்க வேண்டும்.

டாம்செல் அதை இரைக்கு அருகே விடுவதில்லை. வால் துடுப்பின் ஓரம் கிழிந்திருக்கிறது. நேற்றுக் காலை விளக்கைப் போட்டதும் பார்த்தேன்: மார்புத் துடுப்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. வெல்வெட் நோயென்றால் மாவு படிந்ததுபோல நுண்ணியதாக இருக்கும். இது கிரிப்டோகாரியான் (வெள்ளைப்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி) என்றே நினைக்கிறேன்.

பெரிய தொட்டியில் தாமிர மருந்தை ஊற்றினால் இறால் செத்துவிடும். அதனால் மீன்கள் எல்லாவற்றையும் 80 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, பெரியதில் ஒட்டுண்ணி சாகும்படி அதை 76 நாள் மீனில்லாமல் விட எண்ணுகிறேன். அவ்வளவு சிறிய இடத்தில் டாம்செல்லோடு டாங் பிழைக்குமா? நடுவில் துளையிட்ட தடுப்பு வைத்தால் போதுமா? தாமிரம் நல்லதா, உப்பைக் குறைத்து நீரின் ஒப்படர்த்தியை 1.009 வரை இறக்குவது நல்லதா? இங்கே இரவுக் குளிரில் மின்சாரம் நின்றால் சிறு தொட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

டாங் இன்னும் பாசித்தாளைக் கொறிக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். அனுபவப்பட்டவர்கள் இன்றே சொன்னால் பேருதவி.